பவுலிங் பந்தில் விரிசல் விட்டால், கடைக்குப் போகும் முன் பார்க்க வேண்டியவை

ஓசூரில் நான் பவுலிங் போகிறேன் என்றால் "ஃபாஸ்ட்டா, ஸ்பின்னா?" என்றுதான் கேட்கிறார்கள். அந்தப் பவுலிங் இல்லை. பெங்களூரு மால்களில் எண்ணெய் தடவிய தளத்தில் கனமான பந்தை உருட்டி, அறுபதடி தள்ளி நிற்கும் பத்துப் பின்களைச் சாய்ப்பார்களே, அது. கம்பெனியில் ஒருமுறை கூட்டிப்போனபோது பிடித்த கிறுக்கு, ஏழு வருடமாக விடவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு, அத்திப்பள்ளி தாண்டிப் போய்விட்டு வருகிறேன்.

சொந்தப் பந்து வாங்கி, கடையில் என் விரல் அளவுக்குத் துளை போட்டதில் 18,000 ரூபாய் ஆனது. 14 பவுண்டு, அதாவது ஆறு கிலோ முந்நூற்றைம்பது கிராம். கரு நீலம். பதினோராவது மாதம் அதில் விரிசல் விட்டது. ஒன்றல்ல, இரண்டு. ஒன்று கடைக்காரர் செய்தது, இன்னொன்று நான் செய்தது. எது யாருடையது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாமல் கடைக்குப் போனதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீணானது. உங்களுக்கு அது வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில், அது விரிசலா கீறலா என்று பாருங்கள். பந்தை ஈரத்துணியால் துடைத்து, காய விட்டு, அறை விளக்கை அணைத்துவிட்டு செல்போன் டார்ச்சைப் படுக்கவைத்த மாதிரி பக்கவாட்டில் அடியுங்கள். நகத்தைக் குறுக்கே இழுத்தால் கீறல் வழுவழுவென்று விட்டுவிடும், விரிசல் நகத்தைப் பிடிக்கும். அப்படியும் சந்தேகம் இருந்தால், நான் சிப்காட்டில் டூல் ரூம் ஆள், எங்களுக்கு டி.பி. டெஸ்ட் என்று ஒன்று உண்டு: சிவப்புச் சாயம் அடித்து, துடைத்து, மேலே வெள்ளை அடித்தால் விரிசல் இருக்கும் இடத்தில் மட்டும் சிவப்பு கசியும். அந்த ஸ்பிரேயைப் பந்தில் அடித்துவிடாதீர்கள், அதில் இருக்கும் சால்வென்ட் பந்தின் மேல் ஓடான ரெசினைக் கெடுக்கும். தின்னரும் வேண்டாம். குழந்தைக்குப் போடும் டால்கம் பவுடர் போதும். கொஞ்சம் தேய்த்துவிட்டு உலர்ந்த துணியால் துடைத்தால் கீறலில் இருப்பது வந்துவிடும், விரிசலுக்குள் போனது வெள்ளைக் கோடாக நிற்கும். அடர்ந்த நிறப் பந்து என்றால் இன்னும் தெளிவாகத் தெரியும். என் மகளின் பவுடர் டப்பாவில் பாதி இப்படித்தான் போனது.

அந்தக் கோடு தெரிந்த உடனே படம் எடுத்துவிடுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்டீல் ஸ்கேல் வைத்து ஒன்று, முழுப் பந்தும் தெரிகிற மாதிரி ஒன்று, பந்தில் பொறித்திருக்கும் சீரியல் எண் ஒன்று. அதற்கு முன் எமரித்தாள் தேய்ப்பது, பாலிஷ் போடுவது, பசை விடுவது எதுவும் கூடாது. "இன்னும் ரெண்டு கேம் ஆடிட்டுப் பார்ப்போம்" என்பதும் கூடாது. ஆடினால் விரிசல் நீளும், எங்கே ஆரம்பித்தது என்கிற தடயமும் போய்விடும்.

ஆரம்பித்த இடம்தான் விஷயமே.

இரண்டு விரல் துளைகளுக்கும் நடுவே இருக்கிற சுவர் மெல்லியது, பெரும்பாலும் கால் அங்குலம், அதாவது ஆறு மில்லிமீட்டர்தான். அதில் மயிரிழை மாதிரி ஒரு கோடு விழுவது சாதாரணம். துளைகளை நெருக்கிப் போட்டிருக்கலாம், டிரில் பிட் மழுங்கியிருந்திருக்கலாம், நாளாக நாளாக விரல் இழுத்த இழுப்பிலும் வரலாம். இதற்காகப் பந்தைத் தூக்கிப் போட வேண்டாம். தண்ணீர் மாதிரி இருக்கும் சூப்பர் குளூவை விரிசலில் ஒரு சொட்டு விட்டு, காய்ந்ததும் நைஸ் எமரித்தாளால் தேய்த்துவிட்டு வருடக்கணக்கில் ஆடுகிறவர்கள் உண்டு. படம் எடுத்து, கடையில் காட்டிய பிறகு.

கட்டைவிரல் துளையின் ஓரத்திலிருந்து கிளம்பி வெளியே ஓடினால் அந்த ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். கத்தி மாதிரி இருக்கிறதா, உருண்டையாக வழிகிறதா? கூரான ஓரத்தை வழித்து விடுவதை நாங்கள் சாம்பர் என்போம், அங்கே பெவல் என்கிறார்கள். எந்தப் பொருளிலும் கூர்மையான மூலையில்தான் அழுத்தம் குவியும், விரிசல் அங்கேதான் பிறக்கும். எங்கள் ஷாப்பில் ஐடிஐ முடித்து வரும் பையனுக்கு முதல் வாரம் சொல்லிக் கொடுப்பதே, துளை போட்டால் பர் எடு, அதாவது பிசிறை எடு, ஓரத்தை உடை என்பதுதான். என் பந்தில் கட்டைவிரல் துளையின் ஒரு பக்கம் ஓரம் நன்றாக வழித்திருந்தது, எதிர்ப்பக்கம் அப்படியே கூராக இருந்தது. முதல் விரிசல் அந்தக் கூரான பக்கத்திலிருந்து, 22 மில்லிமீட்டர்.

பிறை வடிவத்தில் சின்னச் சின்ன வெட்டு, சில்லு பெயர்ந்த இடம் என்றால் பந்தைத் திருப்பி அனுப்பும் இயந்திரத்தில் மற்றப் பந்தோடு மோதியது, இல்லை ஏதோ உலோகத்தில் பட்டது. இது வாரன்டியில் வராது, கேட்டுப் பார்க்கவும் வேண்டாம்.

நான்காவது வகைதான் பெரிய வகை. எந்தத் துளையையும் தொடாமல் பந்தின் வயிற்றைச் சுற்றி நீளமாக ஓடும் விரிசல். பந்து ஒரே கட்டி இல்லை. உள்ளே கோர், மேலே ரெசின் ஓடு. இரண்டும் வேறு வேறு சரக்கு, சூட்டில் வேறு வேறு அளவில் விரியும். நன்றாகக் காய்ந்த பந்தைத் திடீரென்று குளிருக்குக் கொண்டுபோனால் ஓடு முதலில் ஆறிச் சுருங்கப் பார்க்கும். உள்ளே இன்னும் சூடாக இருப்பது விட்டுக்கொடுக்காது. இழுபறியில் ஓடுதான் கிழியும். ஹீட் ட்ரீட்மென்டில் சூடான டையை, அதாவது எஃகு அச்சை, எண்ணெயில் போட்டதும் விரிசல் விடுமே, கிட்டத்தட்ட அதே கதை. இதில் தயாரிப்புக் குறையும் இருக்கலாம்: பெட்டியைப் பிரிக்காத, துளையே போடாத பந்து தானாக வெடித்ததும் உண்டு. அதனால் நீள விரிசலைப் பார்த்ததும் வெயில்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது.

என் பந்து விஷயத்தில் சொல்லலாம். ரெசின் பந்து தளத்து எண்ணெயைக் குடிக்கும், குடித்தபின் பிடிப்பு குறையும். வெயிலில் வைத்தால் எண்ணெய் வியர்த்து வெளியே வரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, மே மாதம் காவேரிப்பட்டணத்தில் மாமியார் வீட்டு மொட்டை மாடியில், மாங்காய் வற்றல் காய்கிற வேட்டிக்குப் பக்கத்தில் சும்மாடு வைத்துப் பந்தை உட்கார வைத்தேன். பத்து மணிக்கே மேலெல்லாம் பணியாரத்தில் எண்ணெய் நிற்கிற மாதிரி முத்து முத்தாக நின்றது. எனக்குப் பெருமை. கீழே வந்து சாப்பிட்டுப் படுத்தவன் மூன்று மணிக்குத்தான் எழுந்தேன். "மாப்ள, உங்க குண்டு தொடவே முடியலீங்க, சுடுது" என்று அத்தை சொல்லும்போது நேரம் போயிருந்தது. அதைத் துணியில் சுற்றி டிக்கியில் போட்டு, சூளகிரி ஏறி, நேராக பெங்களூரு ஏ.சி. ஹாலுக்குப் போனேன். நான்காவது ஃப்ரேமில், அதாவது ஆட்டத்தின் நான்காவது சுற்றில், ஏதோ சொடுக்கு விட்ட மாதிரி சத்தம். பந்து திரும்பி வந்தபோது வயிற்றில் ஒரு சாண் நீளக் கோடு.

அன்று மாலையே கடைக்குப் போனது என் இரண்டாவது தப்பு. ஞாயிறு மாலை கூட்டம். கவுண்டரில் இருந்த பையன் பந்தைக் கையில் வாங்கவே இல்லை. "வெயில்ல வச்சிருப்பீங்க சார், வாரன்டி வராது." அவன் சொன்னது பாதி உண்மை, அதனால் எனக்குக் கோபம் இரண்டு மடங்கு வந்தது. கட்டைவிரல் பக்கத்தைக் காட்டுவதற்குள் அடுத்த ஆளிடம் போய்விட்டான். வீட்டுக்கு வந்து நல்லாத் திட்டி ஒரு மெசேஜ் அடித்து, அனுப்பாமல் வைத்திருந்தேன். நல்லவேளை.

இதற்கு ஒரு முறை இருக்கிறது. வார நாளில், காலையில், துளை போட்ட ஆள் யாரோ அவர் இருக்கும் நேரம் கேட்டுக்கொண்டு போங்கள். பில், எந்தத் தேதியில் துளை போட்டது, சீரியல் எண், படங்கள் எல்லாம் கையில் இருக்கட்டும். போனதும் "உங்க டிரில்லிங்தான் காரணம்" என்று ஆரம்பிக்காதீர்கள். "இது எங்கிருந்து கிளம்பியிருக்கு, கொஞ்சம் பாருங்கண்ணா" என்று பந்தைக் கையில் கொடுங்கள். வேலை தெரிந்த ஆளுக்கு அந்தக் கேள்விக்குப் பொய் சொல்ல வராது. அப்புறம் கேட்க வேண்டியது: இதைக் கம்பெனிக்கு வாரன்டிக்கு அனுப்பலாமா? அனுப்பினால் மாற்றுப் பந்துக்குத் துளைக் கூலி யாருடையது? பெரும்பாலும் வாரன்டி பந்துக்கு மட்டும்தான், கூலியும், கட்டைவிரல் துளைக்குள் பொருத்தும் பிளாஸ்டிக் கட்டையான ஸ்லக்கும், விரல் ரப்பரும் நம் தலையில் விழும். அதே மாடல் நின்றுபோயிருந்தால் வேறு மாடல் தருவார்கள். முடிவு எதுவானாலும் வாட்ஸ்அப்பில் இரண்டு வரி அனுப்பச் சொல்லுங்கள்.

மாடியில் வைத்ததைச் சொல்லாதே என்று நண்பன் சொன்னான். நான் சொல்லிவிட்டேன். எங்கள் ஷாப்பிலும் மெஷினை மோதவிட்டு வந்து "தானா நின்னுடுச்சு" என்று சொல்கிற ஆள்மேல்தான் எனக்கு எரிச்சல் வரும். புதன்கிழமை காலை, ஷிப்டு மாற்றிக்கொண்டு போயிருந்தேன். துளை போட்டவர் பெங்களூரு அல்சூர்த் தமிழர், அறுபதை ஒட்டிய வயது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கட்டைவிரல் துளைக்குள் தன் சுண்டுவிரலை விட்டு ஒரு சுற்று சுற்றினார். கூரான இடத்தில் விரல் நின்றது. இன்னொரு சுற்று. "பெரிய கோடு உங்களோடது சார். இது என்னோடது. இந்தப் பக்கம் பெவல் விடாம விட்டிருக்கேன்." வாரன்டிக்கு அனுப்பவில்லை, அனுப்பியிருந்தாலும் நிற்காது. புதுப் பந்தைத் தான் வாங்கின விலைக்கே தந்தார், துளைக் கூலியும் ஸ்லக்கும் வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையன் நடந்துகொண்டதற்காக எனக்கு ஒரு டீயும் சொன்னார்.

கிளம்பும்போது டிரில் ஷீட் ஒன்று கேட்டு வாங்கினேன். கட்டைவிரலுக்கும் மற்ற விரலுக்கும் நடுவே எவ்வளவு தூரம், ஒவ்வொரு துளையும் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்வு என்று எழுதிய தாள். அது உங்கள் கையில் இருந்தால் நாளைக்கு வேறு எந்தக் கடையிலும் அதே அளவுக்குத் துளை போடலாம். கேட்காமல் யாரும் தருவதில்லை.

புதுப் பந்து டிக்கியில் இருப்பதே இல்லை. மே மாதம் கிருஷ்ணகிரியில் வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் 50 டிகிரியைத் தாண்டிவிடும், பந்துக்கு நல்லது இருபதிலிருந்து இருபத்தைந்து. ஓசூர் வீட்டில் கட்டிலுக்கு அடியில் சும்மாடு மேல் உட்கார்ந்திருக்கிறது. கனமான கோர் ஒரே பக்கம் மாதக்கணக்கில் அழுத்தாமல் இருக்க, சிலிண்டர் புக் பண்ணும் நாளில் அதையும் ஒரு கால் சுற்று திருப்பி வைக்கிறேன். காரில் போகும்போது முன்சீட்டுக் காலடியில். எண்ணெய் எடுக்க வேண்டுமென்றால் துளைகளை டேப் ஒட்டி அடைத்து, கை பொறுக்கிற வெந்நீரில் பக்கெட்டில் இருபது நிமிடம், கொஞ்சம் பாத்திரம் தேய்க்கும் லிக்விட். எடுத்துத் துடைத்து, அது தானாக ஆறும் வரை ஃபேனுக்கு அடியில் கூட வைப்பதில்லை.