திருகோணமலையில் காணி வாங்குவோரும் வீடு வாடகைக்கு விடுவோரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் உறவுக்காரப் பிள்ளை ஒருவர் நிலாவெளிப் பக்கம் தாம் விலைபேசியிருந்த காணியின் பத்திரங்களை என்னிடம் கொண்டுவந்தார். நான் பல வருடங்களுக்கு முன்னர் செய்த அதே பிழையை அவரும் செய்யவிருந்தார். எல்லைக்கல் பார்ப்பது, நில அளவையாளரைக் கொண்டு அளப்பது போன்றவை எல்லோரும் அறிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

பெர்மிட் காணியை உறுதிக்காணி போல வாங்குவது

நமது மாவட்டத்தில் பல குடும்பங்கள் வைத்திருப்பது 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்திலோ (பெர்மிட்) அளிப்பிலோ (கிராண்ட்) கிடைத்த அரச காணியாகும், தனியாருக்குச் சொந்தமான உறுதிக்காணி அல்ல. அனுமதிப்பத்திரம் உள்ளவருக்கு அதனை விற்கும் உரிமை இல்லை. அளிப்பு உள்ளவரும் பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதத்தை முன்கூட்டியே பெறாமல் கைமாற்றினால் அது செல்லாது. அத்தகைய உறுதியை நொத்தாரிசு அத்தாட்சிப்படுத்தவும் கூடாது. ஆகவேதான் விற்பவர்கள் ஓர் உடன்படிக்கை, ஓர் அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் செயற்பட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்), ஒரு சத்தியக்கடதாசி என்று மூன்று தாள்களை நீட்டுகிறார்கள்.

குச்சவெளிப் பக்கம் நான் வாங்கியதும் இப்படித்தான். உறுதிக்காணியின் விலையில் பாதிதான் கேட்டார்கள். கிணறு வெட்டினேன், வேலி அடைத்தேன், தென்னம்பிள்ளைகள் வைத்தேன். நான்காம் வருடம் விற்றவர் காலமானார். அவரோடு அற்றோணித் தத்துவமும் முடிந்தது. சட்டப்படி காணி அவருடைய மனைவிக்குச் சென்றது. மனைவிக்குப் பின் உரித்தாளராக நியமிக்கப்பட்டிருந்த மகன், தகப்பன் இட்ட கையொப்பம் தன்னைக் கட்டுப்படுத்தாது என்றார். அவர் சொன்னது சரி. பத்து வருடம் ஆண்டால் காணி சொந்தமாகும் என்று ஆறுதல் சொன்னவர்களும் இருந்தார்கள். ஆனால் அரச காணிக்கு எதிராக ஆட்சியுரிமை ஒருபோதும் ஏற்படாது. எனக்கு இன்றும் ஆறாத கோபம் விற்றவர் மீதல்ல. சட்டம் படித்தும், “எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள்” என்று சொல்லி, அந்தத் தாள்களை எழுதிக் கூலியும் வாங்கியவர் மீதுதான்.

ஆகவே முற்பணம் கொடுப்பதற்கு முன்னரே பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் அந்தக் காணியின் கோப்பைப் பற்றி விசாரியுங்கள். காணிப் பதிவகத்தில் குறைந்தது முப்பது வருடப் பதிவுகளைத் தேடுவியுங்கள். அளிப்புக் காணியாயின், சம்மதக் கடிதத்தைக் கண்ணால் காணும்வரை ஒரு ரூபாயும் கைமாற வேண்டாம்.

உறுதியைப் பதியாமல் வைத்திருப்பது

முடித்த வாரத்திலேயே பதியுங்கள். பின்னர் எழுதிய உறுதி முந்திப் பதியப்பட்டால் உங்களுடையது தோற்கக்கூடும்.

இரண்டு வருட வாடகையை வெறும் தாளில் எழுதுவது

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும். உப்புவெளியில் விருந்தினர் விடுதிக்கென வீட்டைக் கொடுத்த நண்பர் ஒருவர் முத்திரை ஒட்டிய தாளை நம்பியிருந்தார். வாடகைக்காரர் இடையில் விட்டுப் போனபோது, மீதிக் காலத்துக்கான பணத்தை அந்தத் தாளைக் கொண்டு அவரால் கேட்க முடியவில்லை.

வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற உறவினர் பெயரில் எழுதுவது

2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்றுவதைத் தடுக்கிறது. முதலில் இரட்டைக் குடியுரிமை, பிறகு உறுதி.

கடற்கரையில் கேட்காமல் கட்டுவது

உயர்நீர் மட்டத்திலிருந்து 300 மீற்றருக்குள் கரையோரப் பாதுகாப்பு அனுமதி வேண்டும்.

உறுதியில் விலையைக் குறைத்து எழுதுவது

முத்திரை வரியை மிச்சம் பிடிக்கவே பலர் இதைச் செய்கிறார்கள். ஆனால் 2018 ஏப்ரல் 1 முதல் மூலதன ஆதாய வரி (சொத்தை விற்று வரும் இலாபத்தின் மீதான வரி) நடைமுறையில் இருப்பதால், நாளை நீங்கள் விற்கும்போது உறுதியில் உள்ள அந்தக் குறைந்த தொகையே காணியை வாங்க நீங்கள் செய்த செலவாகக் கொள்ளப்படும். கையில் வராத இலாபத்துக்கும் வரி கட்ட நேரிடும். 2017 செப்டெம்பர் 30இல் ஏற்கனவே உங்கள் பெயரில் இருந்த காணிக்கு, அன்றைய சந்தைப் பெறுமதியே அந்தச் செலவாகக் கொள்ளப்படும். அந்தத் திகதிக்குரிய மதிப்பீட்டு அறிக்கையை ஒரு மதிப்பீட்டாளரிடம் பெற்று, விற்பனை பேசத் தொடங்கும் முன்னரே உறுதியோடு சேர்த்து வையுங்கள்.