ஆச்சிக்கு ஜன்னல் கம்பியே போதும்

நம்ம திருநெல்வேலிப் பக்கத்துப் பழைய வீடுகளில் பட்டாசாலை (கூடம்) ஜன்னலுக்கு இரும்புக் கம்பி இருக்கும். வயசானவர்கள் தடுமாறாமல் நிற்கப் பழக அது ஒன்று போதும். துருவேறி ஆடுகிறதா என்று முதலில் அசைத்துப் பாருங்கள். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, ஒரு காலை லேசாகத் தூக்கி 10 எண்ணும்வரை நிற்க வேண்டும். பிறகு அடுத்த கால். சில வாரம் பழகினபின் ஒரு கை, அப்புறம் இரண்டு விரல். பின்னால் ஒரு நாற்காலி கிடக்கட்டும், பக்கத்தில் ஆளும் நிற்கட்டும். அதே நாற்காலியில் கை ஊன்றாமல் எழுந்து எழுந்து உட்கார்ந்தால் தொடைக்கு வலு. முடியாதவர்கள் ஊன்றியே எழலாம்.

பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ராத்திரி விருட்டென்று எழக் கூடாது. ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கித் தலை கிறுகிறுக்கும். கட்டிலில் காலைத் தொங்கப்போட்டு ஒரு நிமிஷம் இருக்கச் சொல்லுங்கள். புறவாசல் வரை ஒரு சின்ன பல்பு எரியட்டும். (கரண்டு பில்லா பெரிசு, இடுப்பெலும்பு ஆபரேஷன் செலவா?)

தாமிரபரணியில்தான் குளிப்பேன் என்கிற தாத்தாவைத் தடுக்க வேண்டாம். படித்துறையில் தண்ணிக்குள் இருக்கிற படிதான் பாசி பிடித்து வழுக்கும். துணைக்கு ஆள் போகணும். அடிக்கடி விழுகிறார் என்றால் மாத்திரை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள்.