பழைய கடிதத்துக்கு ஆண்டு கண்ட வழி: பினாங்கு அனுபவம்

பினாங்குக்கு வந்த பழைய கடிதங்களில் 'பிரமாதி௵ தை௴ 5௳' (௵ ஆண்டு, ௴ மாதம், ௳ நாள்) என்றுதான் இருந்தது, ஆங்கிலத் தேதி இல்லை. ஆண்டுப்பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும்; பிரமாதி என்றால் 1879 அல்லது 1939. உறையின் தபால்தலையில் ஆறாம் ஜார்ஜ். அவர் அரசரானது 1936 டிசம்பரில், ஆகவே 1939தான். ஆனால் தை, மாசி, பங்குனி மாதங்கள் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும், மார்கழிப் பிற்பாதியும் அப்படியே. எனவே இது 1940 ஜனவரிக் கடிதம். இந்த ஓராண்டைக் கூட்டாவிட்டால் மற்ற ஆவணங்களோடு ஒத்துப்பார்ப்பது வீண்.

தயவுசெய்து தபால்தலைக்காக உறையைக் கத்தரிக்காதீர்கள். ஊரும் நாளும் முத்திரையில்தான் இருக்கின்றன. கிழிசலில் செலோடேப் ஒட்டினால் பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்றுவிடும்.

மலாயாவின் 1921, 1931, 1947 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கைகளில் முன்னோர் பெயரைத் தேடாதீர்கள், எண்ணிக்கைதான் கிடைக்கும். பெயருக்குப் பிறப்புப் பத்திரம், திருமணப் பதிவு. அவர்கள் வேலை செய்த தோட்டத்துக்குத் தமிழர் வழங்கிய பெயர் ஒன்று, கம்பெனிப் பெயர் வேறு. பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறைப் பெரியவர்களிடம் இரண்டையும் கேட்டு எழுதிக்கொண்டு, கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் கம்பெனிப் பெயரைக் கொண்டு தேடுங்கள்.