எந்தப் பெட்டிக்கு எந்த எஞ்சின்? மாடல் ரயிலில் காலம் பிசகாமல் ஜோடி சேர்க்கும் முறை

என் முதல் பயணிகள் ரயிலைத் தண்டவாளத்தில் ஏற்றியபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. முன்னால் நியூயார்க் சென்ட்ரல் கம்பெனியின் ஹட்சன் நீராவி எஞ்சின், பின்னால் வெள்ளியாய் மின்னும் ஆம்ஃப்ளீட் பெட்டிகள் நாலு. வளைவில் திரும்பும்போது அழகாகத்தான் இருந்தது. பார்க்க வந்த நண்பர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "தாத்தாவுக்கும் பேத்திக்கும் கல்யாணம் பண்ணி வச்சிருக்கீங்களே" என்றார்.

அவர் சொன்னது சரிதான். ஹட்சன் 1927-ல் வந்த எஞ்சின், 1950-களிலேயே ஓய்வு பெற்றுவிட்டது. நியூயார்க் சென்ட்ரல் கம்பெனியே 1968-ல் பென்சில்வேனியா கம்பெனியோடு கலந்து, பென் சென்ட்ரல் என்ற புதுப் பெயருக்குள் காணாமல் போனது. ஆம்ஃப்ளீட் பெட்டிகள் ஓடத் தொடங்கியது 1975-ல். இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்திருக்கவே முடியாது.

இந்தத் தவறு உங்களுக்கு நேராமல் இருக்க, நான் பின்பற்றும் வழியை இங்கே எழுதுகிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் அமெரிக்க ரயில்கள். முறை எந்த நாட்டு மாடலுக்கும் பொருந்தும்.

படி 1: பெட்டியிலிருந்து தொடங்குங்கள்

எல்லோரும் எஞ்சினை முதலில் வாங்கிவிட்டுப் பெட்டி தேடுவார்கள். நான் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். ரயிலின் நீளத்தில் பெரும்பகுதி பெட்டிகள்தான். பார்ப்பவர் கண்ணில் காலத்தைக் காட்டுவதும் அவைதான்.

அமெரிக்கப் பெட்டி என்றால் முதலில் கூரையைப் பாருங்கள். கூரையின் நடுவே நீளவாக்கில் ஒரு மேடு எழும்பி, அதன் இரு பக்கமும் சின்னச் சின்ன ஜன்னல்கள் இருந்தால் அது பழையது. அந்த மேடும், முழுக்க எஃகு உடலும், ஒவ்வொரு முனையிலும் பெரும்பாலும் மூன்று அச்சும் சேர்ந்தால் 'ஹெவிவெயிட்' வகை. 1910-களிலும் 1920-களிலும் அதுதான் ராஜா. 1930-களில் ஏசி வந்தபோது பல பெட்டிகளில் அந்த மேட்டை மூடிக் கூரையை மழமழவென்று ஆக்கினார்கள். அதனால் கூரையை மட்டும் நம்பி முடிவு கட்டாதீர்கள், கீழே அச்சுகளையும் எண்ணுங்கள்.

கூரை சீராக வளைந்து, முனைக்கு இரண்டே அச்சு இருந்தால் 'லைட்வெயிட்'. 1934-ல் பர்லிங்டன் கம்பெனியின் ஸெஃபிரும் யூனியன் பசிபிக்கின் எம்-10000-மும் வந்த பிறகுதான் இந்த வகைக்கு மவுசு. பக்கவாட்டில் நெளி நெளியாகத் துருப்பிடிக்காத எஃகுத் தகடு இருந்தால் பட் கம்பெனி தயாரிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். வழவழப்பான பக்கம் என்றால் புல்மன்-ஸ்டாண்டர்டு பக்கம் தேடத் தொடங்கலாம்.

படி 2: ஒவ்வொன்றுக்கும் ஆண்டு எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து ஒவ்வொரு பெட்டிக்கும் எஞ்சினுக்கும் இரண்டு ஆண்டுகள் குறியுங்கள்: எப்போது வந்தது, எப்போது போனது. பிறகு பெயிண்டுக்கும் எழுத்துக்கும் தனியாக இன்னொரு ஜோடி. புதியவர்கள் கோட்டை விடுவது இந்த இரண்டாவது ஜோடியில்தான். இ8 டீசல் எஞ்சின் தயாரானது 1949 முதல் 1954 வரை. ஆனால் அதே எஞ்சின் ஆம்ட்ராக் வண்ணத்தில் இருந்தால் 1971-க்கு முன்னால் அதை ஓட்ட முடியாது, ஏனென்றால் அமெரிக்காவின் தேசியப் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக் தொடங்கியதே 1971 மே 1-ல்.

பெட்டியின் மேல்விளிம்பில் உள்ள எழுத்தும் துப்புக் கொடுக்கும். தூங்கும் பெட்டிகளில் நெடுங்காலம் 'புல்மன்' என்றுதான் பெரிதாக எழுதியிருக்கும். அவற்றை நடத்திவந்த புல்மன் கம்பெனி நீதிமன்ற வழக்கில் தோற்று, 1947-ல் அந்தத் தொழிலை ரயில் கம்பெனிகளுக்கே விற்ற பிறகு, ரயில் கம்பெனிகளின் பெயர் அந்த இடத்துக்கு வந்தது.

இப்போது எல்லா ஆண்டுகளையும் வரிசையாகப் பாருங்கள். ரயிலிலேயே மிகப் புதிய பொருள் எந்த ஆண்டில் வந்ததோ, அதற்கு முன்னால் அந்த ரயில் ஓடியிருக்காது. முதலில் ஓய்வு பெற்றது எதுவோ, அதற்குப் பிறகும் ஓடியிருக்காது. இடையில் மிஞ்சும் காலம்தான் உங்களுடையது. எதுவும் மிஞ்சவில்லை என்றால் ஏதோ ஒன்று வேண்டாத விருந்தாளி.

படி 3: சூடு எங்கிருந்து வருகிறது?

ஆண்டு பொருந்தினால் போதும் என்று பலர் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். எனக்கு இந்தப் படிதான் மிகவும் பிடித்தது.

பயணிகள் ரயிலில் எஞ்சினுக்கு இழுப்பது மட்டும் வேலையல்ல, குளிர்காலத்தில் பெட்டிகளுக்குச் சூடும் கொடுக்க வேண்டும். நீராவிக் காலத்தில் இது சுலபம்: பாய்லரிலிருந்தே ஒரு குழாய் பின்னால் போகும். டீசல் வந்ததும் நீராவிக்கு எங்கே போவது? எஞ்சினுக்குள் தனியாக ஒரு சிறு பாய்லரும் அதற்குத் தண்ணீர்த் தொட்டியும் வைத்தார்கள். சரக்கு இழுக்க வாங்கிய டீசலில் இது இருக்காது. ஆகவே ஒரே எஃப்7 மாடலிலேயே பயணிகள் ரயிலுக்கு ஏற்றதும் உண்டு, ஏற்காததும் உண்டு. கூரையின் பின்பகுதியில் பாய்லரின் புகைவாயும் மூடிகளும் தெரிகின்றனவா என்று பாருங்கள். எஃப்பி7 வகையை நான்கு அடி நீட்டியதே இந்தச் சாமான்களுக்கு இடம் வேண்டித்தான்.

ஜிபி9 போன்ற எஞ்சின்களில் வேடிக்கையான அடையாளம் ஒன்று உண்டு. சிலவற்றின் கூரைமேல் நீளமான உருளைகள் படுத்திருக்கும். அவை காற்றுத் தொட்டிகள். வழக்கமாக அடியில் இருக்க வேண்டியவை; கீழே தண்ணீருக்கு இடம் தேவைப்பட்டதால் மாடிக்குக் குடிபோய்விட்டன. அப்படிப்பட்ட மாடல் கிடைத்தால் பெரும்பாலும் பயணிகள் பெட்டிகளை மாட்டலாம்.

1970-களில் கதை மாறியது. ஆம்ஃப்ளீட் பெட்டிகளுக்கு விளக்கு, ஏசி, சூடு எல்லாமே எஞ்சினிலிருந்து வரும் 480 வோல்ட் மின்சாரத்தில்தான். 1976-ல் வந்த எஃப்40பிஎச் டீசல் எஞ்சின் அந்த மின்சாரத்தைத் தரும், நீராவி தராது. ஆகவே பழைய நீராவிச் சூட்டுப் பெட்டிகளை, மின்சாரத்துக்கு மாற்றப்படாத நிலையில், அதன் பின்னால் கட்டினால் பயணிகள் நடுங்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

படி 4: ஊரும் மேடும்

காலமும் சூடும் பொருந்தினாலும் இடம் பொருந்த வேண்டும். பென்சில்வேனியா கம்பெனியின் ஜிஜி1 மின்சார எஞ்சின் 1930-களின் நடுவிலிருந்து 1983 வரை ஓடியது, உள்ளேயே எண்ணெயில் எரியும் பாய்லரும் உண்டு. எவ்வளவோ வகைப் பெட்டிகளோடு சேரும். ஆனால் நியூயார்க், வாஷிங்டன், ஹாரிஸ்பர்க் பக்கம் மின்கம்பி இருக்கும் பாதையை விட்டு அது எங்கும் போகாது. கம்பியில்லாத பாலைவனக் காட்சியில் அதை நிறுத்தினால் பரிதாபமாக இருக்கும்.

மலையும் எஞ்சினைத் தீர்மானிக்கும். இ வகை டீசலுக்கு ஆறு அச்சுகள், ஆனால் நான்கில்தான் மோட்டார். நடு அச்சு சும்மா பாரம் தாங்குவதோடு சரி. எஃப் வகையில் நான்கு அச்சு, நான்கிலும் மோட்டார். சமவெளியில் வேகமாக ஓட இ வகை, ஏற்றத்தில் பிடித்து ஏற எஃப் வகை. ரேட்டன் கணவாயைத் தாண்ட வேண்டிய சாண்டா ஃபே கம்பெனி தன் பெரிய ரயில்களுக்கு எஃப் வகையை விரும்பியது இதனால்தான்.

ஒரு முழு உதாரணம்

உங்கள் கையில் சாண்டா ஃபே என்று எழுதிய, நெளித்தகடு போட்ட பெட்டிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இந்த வகைப் பெட்டிகளோடு சூப்பர் சீஃப் ரயில் ஓடத் தொடங்கியது 1937-ல். அந்த ஆண்டுக்கு இ1 எஞ்சின் சரி. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய காட்சி என்றால் எஃப்3 அல்லது எஃப்7, சிவப்பும் வெள்ளியுமான 'வார்பானட்' வண்ணத்தில். 1967 என்றால் எஃப்பி45.

பெட்டிகள் இரண்டடுக்கு ஹை-லெவல் என்றால்? சாண்டா ஃபேயின் எல் கபிடான் ரயிலுக்கு அவை 1956-ல் வந்தன. 1950-களின் தொடக்கத்திலேயே இ1 எஞ்சின்களைப் பிரித்து இ8எம் என்று மாற்றிக் கட்டிவிட்டார்கள். ஆகவே இ1-க்குப் பின்னால் ஹை-லெவல் பெட்டி கிடையாது. ஒரே கம்பெனி, ஒரே வண்ணம், பார்க்க அற்புதம், இருந்தும் தப்பு.

படி 5: வரிசை, நீளம், எடை

எஞ்சினை அடுத்துத் தபால் பெட்டியும் சாமான் பெட்டியும். பிறகு உட்காரும் பெட்டிகள், சாப்பாட்டுப் பெட்டி, தூங்கும் பெட்டிகள், கடைசியில் பின்ஜன்னல் வைத்த அப்சர்வேஷன் பெட்டி. 1967-ல் தபால் துறை பெரும்பாலான ரயில்களிலிருந்து விலகிக்கொண்டது, அதற்குப் பிந்தைய காலம் என்றால் தபால் பெட்டியைக் கழற்றிவிடலாம்.

எச்ஓ அளவில் (நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு) 85 அடிப் பெட்டி கிட்டத்தட்ட 30 செ.மீ. வரும். 18 அங்குல ஆர வளைவில் அது தண்டவாளத்துக்கு வெளியே அசிங்கமாகத் தொங்கும். குறைந்தது 24 அங்குலம் வைத்துக்கொள்ளுங்கள், இடம் இருந்தால் இன்னும் கூட்டுங்கள். எடைக்கு அமெரிக்க மாடல் ரயில் சங்கத்தின் கணக்கு எளிது: ஒரு அவுன்ஸ், அதோடு நீளத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். 12 அங்குலப் பெட்டிக்கு ஏழு அவுன்ஸ், அதாவது சுமார் 200 கிராம்.

ஐரோப்பிய மாடல் வைத்திருப்பவர்களுக்கு

உங்கள் வேலை பாதி முடிந்தது. மாடல் வரும் அட்டைப்பெட்டியிலேயே 'எபோக்', அதாவது காலகட்டம், எண் அச்சடித்திருக்கும். மூன்று என்றால் போருக்குப் பிறகு சுமார் 1970 வரை, நான்கு என்றால் அதிலிருந்து சுமார் 1990 வரை. மேற்கு ஜெர்மன் எஞ்சினில் எண்ணைப் பாருங்கள்: 1968-ல் கம்ப்யூட்டர் எண்கள் வந்தபோது வி 200 என்பது 220 ஆனது, இ 10 என்பது 110 ஆனது. பெட்டியில் மூன்றாம் வகுப்பு என்று எழுதியிருந்தால் அது 1956-க்கு முந்தையது. பிரிட்டிஷ் மாடல் என்றால், மார்க் 1 பெட்டிகள் வந்தது 1951-ல், நீராவி விடைபெற்றது 1968 ஆகஸ்டில். நடுவில் உள்ள அந்தப் பதினேழு ஆண்டுகளில் நீராவியும் டீசலும் ஒரே பெட்டிகளை மாறி மாறி இழுத்தன. இரண்டு எஞ்சினும் பிடிக்கும், தேர்ந்தெடுக்க மனசில்லை என்பவர்களுக்கு அதைவிடத் தோதான காலம் கிடையாது.

என் ஆம்ஃப்ளீட் பெட்டிகளுக்கு இப்போது எஃப்40பிஎச் ஒன்று வந்துவிட்டது. ஹட்சன் அலமாரியில் தனியாக நிற்கிறது. அதற்குக் கரும்பச்சை வண்ணத்தில், கூரையில் மேடு வைத்த, முனைக்கு மூன்று அச்சுள்ள பெட்டிகள் ஐந்து தேடிக்கொண்டிருக்கிறேன். இதுவரை இரண்டு கிடைத்திருக்கின்றன.