புதிய பேரினத்தை விவரிப்பது எப்படி?

பெரு நாட்டின் மனு தேசியப் பூங்காவில், 1973-ல் ராபின் ஃபாஸ்டர் என்ற தாவரவியலாளர் ஒரு குறுமரத்தைப் பார்த்தார். காகித விளக்கு மாதிரி குட்டிக் குட்டியாய்ச் செம்மஞ்சள் பழங்கள். என்ன குடும்பம் என்றே பிடிபடவில்லை. ‘ஏனிக்மானு’, அதாவது மனுவின் புதிர், என்ற பெயரோடு அது புதிய பேரினமாக (நெருங்கிய சிற்றினங்களைச் சேர்த்த தொகுதி, genus) வெளியானது 2021-ல்தான். இந்த வேலைக்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

முதலில் மாதிரி. பூவும் காயும் உள்ள கிளையை வெட்டிச் செய்தித்தாள்களுக்கு நடுவே அழுத்திக் காய வையுங்கள். டிஎன்ஏவுக்கென்று சில இலைத் துண்டுகளை, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லில் போடுங்கள். இதை மறக்கவே கூடாது: ஏனிக்மானுவின் பழைய உலர்மாதிரியில் டிஎன்ஏ கிடைக்காமல், மறுபடி அதே காட்டிலிருந்து இலை பறித்து வரவேண்டியிருந்தது. பூவின் நிறம், வாசனை, செடியின் உயரம் எல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். காய்ந்த செடியில் இவை தெரியாது.

அடுத்து பூவைப் பிரிப்பது. எனக்கு மிகப் பிடித்த கட்டம் இது. காய்ந்த பூவைக் கொதிநீரில் சில நிமிடம் போட்டால், சுருங்கிக் கிடந்த இதழ்கள் மெல்ல விரியும். உருப்பெருக்கியின் கீழ் வைத்து, ஊசிமுனையால் வெளியிலிருந்து உள்ளே போங்கள்: புல்லி, அல்லி, மகரந்தத்தாள், சூலகம். மகரந்தத்தாள் இதழுக்கு நேர் எதிரே நிற்கிறதா, இரண்டு இதழ்களின் இடைவெளியில் நிற்கிறதா? சூலகத்தைக் குறுக்கே அறுத்தால் எத்தனை அறை, அறைக்கு எத்தனை சூல்? ஒரு பூவோடு நிறுத்தாமல் பல பூக்களை அளந்து, ‘4–6 மி.மீ.’ என்பதுபோல வீச்சாக எழுதுங்கள்.

இனி ஒப்பீடு. டிஎன்ஏவை ஒப்பிட்டு உறவுமுறையைக் காட்டும் கிளைப்படத்தில் உங்கள் செடி ஏற்கெனவே உள்ள பேரினத்துக்குள் போய் உட்கார்ந்தால் அது புதிய சிற்றினம் மட்டுமே. தனிக் கிளையாக நின்றால், நெருங்கிய பேரினங்களின் மாதிரிகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏனிக்மானு பிக்ராம்னியேசி குடும்பத்தில் சேர்ந்த பிறகுதான் எதோடு ஒப்பிடுவது என்பதே தெளிவானது. வேறுபாட்டுக் குறிப்பில் ‘இலை பெரியது’ என்றால் போதாது. பூ, காய், இலையமைப்பு எனப் பல பண்புகள் சேர்ந்து பிரித்துக் காட்டவேண்டும்.

மீதி விதிமுறைதான். அந்தப் பேரினப் பெயர் வேறு தாவரத்துக்கு இருக்கிறதா என ஐபிஎன்ஐ (IPNI) என்ற தாவரப் பெயர்களின் பன்னாட்டுப் பட்டியல் தளத்தில் தேடுங்கள். 2012 முதல் விவரிப்பு லத்தீனிலோ ஆங்கிலத்திலோ இருக்கலாம். பேரினத்துக்கு ஒரு வகைச் சிற்றினம் (பேரினப் பெயருக்கு அடையாளமாக நிற்கும் சிற்றினம்), அந்தச் சிற்றினத்துக்கு ஒரு மூலவகை மாதிரி (அதன் பெயருக்கு அடையாளமாக நிற்கும் மாதிரி), அது இருக்கும் ஹெர்பேரியம் (உலர்தாவரக் காப்பகம்) ஆகிய மூன்றையும் கட்டுரையிலேயே குறிப்பிடுங்கள். அதே செடியிலிருந்து எடுத்து உலர்த்திய இன்னொரு மாதிரியைச் செடி வளரும் நாட்டு ஹெர்பேரியத்துக்குக் கட்டாயம் கொடுத்துவிடுங்கள்.