ஆட்டிசம் உள்ளவருக்கு வேலை தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலை கிடைத்தும் நிலைக்காமல் போனால், 'அவருக்கு வேலை தெரியவில்லை' என்று முடிவுகட்டாதீர்கள். வேலையைச் சுற்றியுள்ளவற்றைப் பழக்காமல் விட்டிருப்போம்: தனியாகப் பேருந்தில் போய்வருவது, புது இடத்துக் கழிவறையைப் பயன்படுத்துவது, டீ இடைவேளை முடிந்ததும் இடத்துக்குத் திரும்புவது. இவற்றுக்கு மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். பள்ளிப் பருவத்திலேயே தொடங்கிவிடுங்கள்.

ஆளைப் பார்க்காமல் வேலையை முடிவு செய்வது அடுத்த தவறு. நன்றாகப் பேசினால் கணினி, இல்லையென்றால் காகிதப் பை என்று பிரித்துவிடுகிறார்கள். ஒரு வாரம் கவனித்துக் குறித்துவையுங்கள்: சொல்லாமலே எதைச் செய்கிறார், எத்தனை நிமிடம் தொடர்கிறார், எந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்துகிறார். வரிசையாக அடுக்கப் பிடித்தவருக்கு மருந்துக்கடையில் ஸ்டாக் அடுக்குவதும் காலாவதித் தேதி பார்ப்பதும் பொருந்தலாம். அதே கடையின் கவுண்டரில் மூன்று பேர் ஒரே நேரத்தில் மருந்து கேட்டால் திணறிப்போவார்.

நேர்காணலில் 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றால் எங்கே தொடங்குவதென்று பிடிபடாது. கண்ணைப் பார்க்காததை அக்கறையின்மை என்று எடுத்துக்கொள்வார்கள். கேள்விகளை முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். முடிந்தால் இரண்டு நாள் வேலை செய்து காட்ட வாய்ப்புக் கேளுங்கள். 25 வயதுக்காரரைக் 'குழந்தை' என்று அறிமுகம் செய்யாதீர்கள். அப்படிச் சொன்னால் சம்பளமும் 'ஊக்கத்தொகை'யாகச் சுருங்கிவிடும்.

கல்யாணப் பேச்சு கெடும் என்று மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்காமல் இருப்பவர்கள் உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன்படி மத்திய, மாநில அரசுப் பணிகளில் 4% இடஒதுக்கீடு உண்டு. அதில் 1% ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லாவற்றுக்கும் சேர்த்து. குறைபாடு 40%-க்குக் குறையாமல் இருப்பதாகச் சான்று வேண்டும். அறிவிப்பு வந்தபின் ஓடினால் கடைசித் தேதிக்குள் கைக்கு வராமல் போகலாம்.

'கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள்' என்று நிறுவனத்திடம் சொல்வதில் பயனில்லை. சத்தமில்லாத இருக்கை, எழுத்தில் வேலைப்பட்டியல், ஷிப்ட் மாறினால் முந்தின நாளே தகவல் என்று பெயர்சொல்லிக் கேளுங்கள். 'சீக்கிரம் முடி' என்பது அவருக்கு எதையும் சொல்லாது. '11 மணிக்குள் 40 கவர்' என்பது புரியும்.

வேலையில் சேர்ந்ததும், கூடவே இருந்து பழக்கும் பயிற்சியாளரை நிறுத்திவிடாதீர்கள். முதலில் நாள் முழுதும், பிறகு அரைநாள், பிறகு வாரம் ஒருமுறை என்று குறையட்டும். சூப்பர்வைசர் மாறினால், முதல் வாரம் போலவே மறுபடி நாள் முழுதும் பயிற்சியாளர் கூட இருக்க வேண்டும்.