தோட்டப்புற மருத்துவ முகாமுக்குச் செல்லும் மாணவர்களுக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் முகாம் நடத்த விரும்பும் மருத்துவ மாணவர்கள், தேதியைக் குறிப்பதற்கு முன் கோயில் நிர்வாகத்தாரை நேரில் சந்திக்க வேண்டும். பால்மரம் வெட்டுவோரும் (ரப்பர் மரத்தில் பால் எடுப்போர்) செம்பனைக் குலை அறுப்போரும் காலையிலேயே வேலைக்குக் கிளம்பிவிடுவதால், வேலை நாளில் முதியவர்களே வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் வைத்தால் குடும்பத்தோடு வருவார்கள். பொறுப்பு மருத்துவர் ஒருவர் முடியும்வரை உடனிருப்பது கட்டாயம். 4 மாணவர்களுக்கு ஒரு காலையில் 40 பேரே போதும் என்பது என் கருத்து.

“நீரிழிவு உண்டா?” என்றால் தலையசைத்து மறுப்பவர், “இனிப்பு நீர் உண்டா?” என்றதும் மாத்திரை உறையை எடுத்துக் காட்டக்கூடும். ஆகவே அவர்கள் சொல்லும் சொல்லையே கற்றுக்கொண்டு கேளுங்கள். டின் பால் கலந்த தேநீரை எப்போது குடித்தார் என்பதைக் குறிக்காமல் விரல் நுனி இரத்தத்தின் சர்க்கரை அளவை எழுதினால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. வெறும் வயிற்றில் லிட்டருக்கு 7.0 மில்லிமோல், மற்ற வேளையில் 11.1 என்ற எல்லையைத் தொட்டாலும், ஆய்வுக்கூடப் பரிசோதனைக்கு முன் நோய் என்று அறிவித்துவிடாதீர்கள். இரத்த அழுத்தம் பார்க்குமுன் 5 நிமிடம் சாய்ந்து அமரச் செய்து, ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளவிடுங்கள்.

இனிப்பு நீர் உள்ளவரின் பாதத்தைப் பார்க்காமல் அனுப்பவே கூடாது. பூட்ஸ் அணிந்து வேலை செய்து பழகியவர்கள் காலைக் காட்டக் கூச்சப்படுவார்கள். நீங்கள் தரையில் அமர்ந்து, அனுமதி கேட்டு, காலுறையைக் கழற்றச் செய்து, விரலிடுக்குகளையும் குதிகாலையும் பாருங்கள். பாத உணர்வைச் சோதிக்கும் நைலான் இழையான 10 கிராம் மோனோஃபிலமெண்டை முதலில் அவர் கையில் தொட்டு உணர்த்திவிட்டு, கண்ணை மூடச் சொல்லிப் பாதத்தில் தொடுங்கள். உணர்வு குன்றிய பாதத்தில் செம்பனை மட்டை முள் ஏறினால், சீழ் வைத்த பிறகே பலருக்குத் தெரியவருகிறது.

தோட்டத்தில் பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ தெளிப்பவர்களிடம் என்ன தெளிக்கிறார்கள், கையுறை உண்டா என்றும் கேளுங்கள்.

பரிந்துரைக் கடிதத்தை மலாய்மொழியில் எழுதி, கிளினிக் கெசிஹாத்தான் எனப்படும் அரசு சுகாதார நிலையத்துக்கு எந்த நாள், எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்பதைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லுங்கள். குடிமக்களுக்கு அங்கே கட்டணம் 1 ரிங்கிட்தான். இழக்கும் ஒருநாள் கூலியும் போக்குவரத்துமே பெருந்தடை. சம்மதம் தந்தவர்களை இரண்டு வாரம் கழித்துத் தொலைபேசியில் அழையுங்கள். போகாதவர்களின் வீட்டுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையே சென்று, தடுத்தது எது என்று கேட்டுப் பொறுப்பு மருத்துவரிடம் எழுதிக் கொடுங்கள்.